கிளிநொச்சியில் நொச்சி எங்கே?

கட்டணச்சீட்டு வாங்கி உள்ளே போகும் தாவரவியல் பூங்கா வட இலங்கையின் வன்னிப் பகுதியில் இல்லை. பேராதனைப் பூங்கா 1821இலும் ஹக்கலை 1861இலும் ஹெனரத்கொடை 1876இலும் தொடங்கின. மூன்றும் மழைக்குக் குறைவில்லாத இடங்கள். வறண்ட வலயத்துக்கென்று 2013இல் திறந்த மிரிஜ்ஜவிலப் பூங்கா அம்பாந்தோட்டையில் இருக்கிறது. வவுனியாவில் இருந்து அங்கே போய் வருவதற்கு இரண்டு நாள் வேண்டும்.

ஆனால் ஒரு பூங்காவுக்கு வேண்டிய பெயர்ப்பலகைகள் இங்கே வீதிக்கு வீதி நிற்கின்றன. பூவரசங்குளம், மகிழங்குளம், வேப்பங்குளம், ஈச்சங்குளம், மருதோடை, நொச்சிமோட்டை, ஆத்திமோட்டை, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, அடம்பன். பேருந்தின் முகப்பில் எழுதியிருப்பது ஒரு தாவரப் பட்டியல்தான். முன்னோர் ஊருக்குப் பெயர் வைக்கும்போது அங்கே எது கூடுதலாக நின்றதோ, எது கண்ணுக்குப் பட்டதோ, அதையே வைத்தார்கள். கிளிநொச்சியின் பெயருக்குள் நொச்சி இருக்கிறது. ஆனால் அந்த நகரத்துப் பிள்ளைகளிடம் நொச்சியைக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவார்கள்? காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள், அடிப்புறம் சாம்பல் வெளுப்பு, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசம், நுனியில் ஊதாநீலச் சிறுபூக்கள். தடிமனுக்கு வேது பிடிக்க இலை ஒடிக்கும் அதே செடி. வாய்க்கால் ஓரத்தில் நிற்கும்.

வன்னிப் பூக்களை மாதக் கணக்கில் தேடுபவர் பாதி நாள் ஏமாந்து திரும்புவார். இங்கே பூ தண்ணீரைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 முதல் 1500 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து தை வரை வாடையோடு வந்து கொட்டிவிடும். சித்திரையில் இடிமழை கொஞ்சம். பிறகு வைகாசியில் இருந்து புரட்டாதி வரை கச்சான் காற்றும் வெடித்த நிலமும்தான். ஆகவே செடிகள் மூன்று விதமாகப் பிழைக்கின்றன. சில மழையோடு முளைத்துப் பூத்து விதை போட்டுச் சாகின்றன. தும்பை, கானாவாழை, விஷ்ணுகிராந்தி அப்படி. சில கிழங்காக மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடுகின்றன. கார்த்திகைப்பூ அந்த வகை. மரங்களோ ஆழ வேர்விட்டு, மற்றதெல்லாம் காயும் நேரத்தில் பூக்கின்றன. கொன்றை, இலுப்பை, முள்முருக்கு எல்லாம் அந்தக் கூட்டம். இந்த மூன்றில் எது என்று தெரிந்தால், எப்போது போய்ப் பார்ப்பது, எப்போது நடுவது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பார்க்கத் தொடங்குவதற்குக் குளக்கட்டுதான் நல்ல இடம். எந்தக் குளமும் போதும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று பெயர்பெற்ற குளங்களில் நீர்ப்பரப்பு அகலம், பூ தூரத்தில் கிடக்கும். ஊர்ச் சிறுகுளங்களில் பூ காலடிக்கே வரும். கட்டில் இருந்து பார்ப்பதைவிட, தண்ணீர் மெலிந்து நிற்கும் அலைகரைப் பக்கம் போனால் கூடுதல் வகைகளைக் காணலாம். அங்கே ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால், ஒவ்வொரு செடியும் தனக்கேற்ற ஆழத்தில் வரிசையாக நிற்கும். நடுவில் தாமரை, அதற்கு இப்பால் அல்லி, சேற்றில் நீர்முள்ளி, ஈரம் குறைந்த மேட்டில் நீர்க்கடம்பு, மருது.

அல்லி பார்க்கப் போகிறவர்கள் நேரத்தில்தான் பிழை விடுகிறார்கள். நீல அல்லி பகல் பூ. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏற விரிந்து பிற்பகலில் கூம்பிவிடும். நாட்டின் தேசிய மலராக 1986இல் அறிவிக்கப்பட்டது அதுதான். வெள்ளையாகவும் சிவப்பாகவும் பூக்கும் பெரிய ஆம்பல் இரவுப் பூ. பொழுது சாய விரிந்து, மறுநாள் முற்பகலில் வாய் மூடும். இரண்டையும் ஒரே வரவில் விரிந்த கோலத்தில் காண வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பின் நிற்க வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். ஆம்பல் இலையின் அடிப்புறத்தைத் தடவினால் மெல்லிய மயிர் கையில் படும், ஓரம் கூர்ப்பல்லாக இருக்கும். நீல அல்லியின் இலை வழுவழுப்பு. தாமரையைக் குழப்ப வழியில்லை. அதன் இலையில் வெட்டு இல்லை, முழு வட்டம், காம்பு நடுவில் குத்தி நிற்கும், தண்ணீர் ஒட்டாது.

நீர்முள்ளியை முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை. கணுவுக்குக் கணு வட்டமாக நீண்ட மஞ்சள் முட்கள், அவற்றுக்கு நடுவே நீலஊதாப் பூக்கள். பூவின் கீழுதட்டில் உள்ள மஞ்சள் தடம் வண்டுக்கு வழிகாட்டி. நெல் வெட்டிய வயலில், மாசி பங்குனியில், இன்னொரு ஊதாவைப் பார்க்கலாம். கொட்டைக்கரந்தை. சுண்டைக்காய் அளவு உருண்டைப் பூந்தலை, செடி முழுக்க ஒரு பிசுபிசுத்த நறுமணம். உழவுக்கு முன்பு போனால்தான் உண்டு.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். குளத்தில் வெளிர் ஊதா நிறத்தில் கொத்தாக, ஒரு இதழில் மயிற்கண் போல மஞ்சள் பொட்டோடு பூத்துப் பரந்து கிடப்பது ஆகாயத்தாமரை. அழகுக்காக 1905இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 1909இல் அதை ஒழிப்பதற்கென்றே சட்டம் போட வேண்டியதாயிற்று. வீட்டுத் தொட்டிக்கு ஒரு செடி எடுத்து வந்து, பெருகியதும் அள்ளி வாய்க்காலில் கொட்டுவார்கள். அந்த ஒரு அள்ளல் போதும், கீழே உள்ள குளம் மூடிப்போகும். எடுத்து வரவே வேண்டாம்.

இனிக் கார்த்திகைப்பூ. காந்தள் என்று இலக்கியத்தில் வாழ்ந்தது, இங்கே மாதத்தின் பெயரோடு வேலிகளில் ஏறிப் பூக்கிறது. ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பிறகு மண்ணைக் கிழித்து வரும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கொடியாகி, பக்கத்தில் உள்ள குச்சியைப் பிடித்துக்கொள்ளும். தனியே பற்றுக்கம்பி கிடையாது. பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து ஓரம் அலையலையாக நெளியும். தொடக்கத்தில் பச்சை மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முடிவில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த மூன்று நிலையையும் பார்க்கலாம். சூல்தண்டு பூவின் அடியில் இருந்து செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி நீட்டி நிற்பதைக் கவனியுங்கள். தேன் குடிக்க வரும் பூச்சியின் மேலுள்ள வேற்றுப்பூ மகரந்தம் அதில் படட்டும், தன் பூவின் தூள் படாதிருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

வளர்க்க விரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நஞ்சு. கொல்கிசின் என்ற நஞ்சு செடி முழுக்க உண்டு, கிழங்கில் மிகக் கூடுதல். வற்றாளங்கிழங்கு என்று பிழையாக எண்ணி அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். சற்று அடங்குவது போலத் தெரிந்தாலும் உள்ளே பாதிப்பு தொடரும். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல், மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆகவே மரக்கறித் தோட்டத்துக்குள்ளோ கிழங்கு நடும் பாத்திக்குப் பக்கத்திலோ இதை நடாதீர்கள். கிழங்கைக் கையாளக் கையுறை போடுங்கள், இல்லையென்றால் ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

கிழங்கு ஆங்கில 'வி' எழுத்துப் போலவோ விரல் போலவோ இருக்கும். முளைக்கும் கண் ஒரு கிளைக்கு ஒன்றுதான், அதுவும் நுனியில். அந்த நுனி முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது, மண்ணுக்குள் அழுகும். பலருக்கு "நட்டோம், வரவில்லை" என்றாவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தோண்டும்போது அலவாங்கு போடக்கூடாது. மண்ணைச் சுற்றிலும் வெட்டி, கையால் உதிர்த்து எடுக்க வேண்டும். புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன்பு, 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வையுங்கள். கொடிக்குக் கொடி 30 சென்ரிமீற்றர் இடைவெளி. களிமண் என்றால் மணலும் கூட்டெருவும் கலந்து ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நட வேண்டும். ஏறுவதற்கு ஆளுயரக் குச்சி அல்லது கதியால் வேலி. தையில் கொடி மஞ்சளாகிப் படுக்கும். செடி செத்துவிட்டது என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். அப்படி ஊற்றுவதுதான் அதைச் சாகடிக்கும். பழைய கிழங்கு கரைந்து அதன் இடத்தில் புதுக்கிழங்கு முதிர்கிற நேரம் அது. அடுத்த ஐப்பசி வரை அந்த இடத்துக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. கிடந்த இடம் மறந்துபோகாமல் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். விதையில் இருந்தும் வளர்க்கலாம், சிவந்த உருண்டை விதைகள். ஆனால் முளைப்பு ஒழுங்கில்லை, பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி, ஏனென்றால் காட்டுக் கிழங்கைக் கிளற வேண்டியதில்லை.

காட்டோரம் போனால் வேறு காட்சி. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று உயர்ந்து நிற்பவற்றின் பூக்கள் சிறியவை, நிலத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பாலையின் பூவைவிடப் பழத்தைத்தான் எல்லாரும் அறிவோம், ஆனி ஆடியில் மடுவுக்குப் போகும் வழியில் விற்பனைக்கு வரும். கீழடுக்கில்தான் கண்ணுக்கு விருந்து. வெட்சி சிவப்பு, பாவட்டை வெள்ளை, காட்டுமல்லிகை வெள்ளை, காயா நீலம். காயாவைத் தவறவிடாதீர்கள். கறுத்த மெல்லிய கிளைகளில் இலைக்கக்கத்தில் எல்லாம் நீலப் பொடிப்பூக்கள் அப்பிக்கொண்டு வரும், சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். பூவில்லாத காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பற்றை அது. பூக்கும் வாரத்தில் காட்டோரமே நீலமாகும்.

விடத்தலின் பூவும் அப்படி அருகில் நின்று பார்க்க வேண்டியது. முள்வேலிக்கு வெட்டிப் போடும் அதே விடத்தல். தொங்கும் ஒரே பூங்கொத்தில் மேற்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். மேலே உள்ளவை மலட்டுப் பூக்கள், பூச்சியை அழைக்க மட்டும். காய் பிடிப்பது கீழே உள்ள மஞ்சள்தான்.

கொன்றை சித்திரை வைகாசியில். இலையுதிர்த்த மரத்தில் முழம் நீளச் சரங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் வழியில் காட்டுக்குள் மஞ்சளாகத் தெரிவதைக் கண்டிருப்பார்கள். இலுப்பை பங்குனியில். அதன் பூவை மரத்தில் தேடக் கூடாது, விடியற்காலையில் மரத்தடியில் தேட வேண்டும். தடித்த, இனிக்கும், வெண்மஞ்சள் பூக்கள் இரவில் உதிர்ந்து பாய் விரித்தது போலக் கிடக்கும். வௌவால்கள் வந்து போவதால் அந்த மணம் இரவுக்கு உரியது. கோயில் கேணிகளின் அருகே நிற்கும் பழைய இலுப்பைகளை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பழைய நந்தவனங்களும் அப்படித்தான்: வெட்சி முருகனுக்கு, கொன்றையும் தும்பையும் சிவனுக்கு, எருக்கலை பிள்ளையாருக்கு. வன்னியில் தாவரத் தோட்டம் என்று சொல்லக்கூடியதை இதுவரை காத்து வந்தவை கோயில்கள்தான் என்று துணிந்து சொல்லலாம்.

உயர்ந்த பாலை மரக் கிளைகளில் வண்டா ஓர்க்கிட் ஒட்டியிருப்பதைக் காணலாம். சாம்பல் பச்சையில் பழுப்புக் கட்டங்கள் இட்ட இதழ், நடுவே ஊதா உதடு. அதைப் பிய்த்து வந்து மாமரத்தில் கட்டுவது பலருக்கு வழக்கம். பெரும்பாலும் காய்ந்துபோகும், ஏனென்றால் வேர் ஒட்டிய பட்டையோடு பிரிக்கும்போதே அதன் வேர்நுனிகள் போய்விடுகின்றன. மேலும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒதுக்கக் காட்டில் இருந்து செடியோ கிழங்கோ எடுப்பது குற்றம். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆகிவிட்டன, அங்கே விதைகூடப் பொறுக்கக் கூடாது. விதை வேண்டுமானால் வீதியோர மரம், கோயில் வளவு, தெரிந்தவர்களின் காணி என்று கேட்டு எடுங்கள்.

கரையோரத்தைப் பற்றிச் சுருக்கமாக. முல்லைத்தீவில் இருந்து அலம்பில், செம்மலை வரை மணலைப் பிடித்துவைத்திருப்பவை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம்மவர் சொல்வது வெறும் உவமை இல்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒன்றின் மேல் ஒன்று பின்னி, அலையும் காற்றும் அள்ளும் மணலைக் கட்டிப்போடுவது கண்கூடு. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாச் சிவப்பில் குழல் பூ. காலையில் விரிந்து உச்சிக்கு வாடும், ஆகவே வெயிலுக்கு முன்பு போங்கள். மன்னார்ப் பக்கம் குடை விரித்தாற்போல் உடை மரங்கள், வெளிமணலில் மஞ்சள் நெருஞ்சி. களப்பு ஓரத்தில் தில்லை நின்றால் கிளை முறிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

வீட்டில், பள்ளிக்கூடத்தில், வாசிகசாலை வளவில் இவற்றை வளர்ப்பது எப்படி? முதலில் மண்ணைப் பாருங்கள். வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் கருங்கல் அடித்தளத்தின் மேல் செம்மண். பூநகரியும் மன்னார்க் கரையும் சுண்ணக்கல். முருங்கன், துணுக்காய்ப் பக்கம் கருங்களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே முருங்கன் களிதான் போனது. அந்தக் களி மழைக்கு வீங்கி வெயிலுக்கு விரல் நுழையும் அளவு வெடிக்கும். வெடிக்கும்போது இளவேரை அறுத்துவிடும். ஆகவே களிமண்ணில் குழி வெட்டி நடுவதைவிட 30 சென்ரிமீற்றர் மேடு கட்டி நடுவதே நல்லது. செம்மண்ணில் மரத்துக்கு 60 சென்ரிமீற்றர் நீள அகல ஆழக் குழி, மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய மாட்டெரு. பச்சை எரு போட்டால் கறையான் வரும், வேரும் அவியும்.

சுண்ணக்கல் கிணற்று நீரில் வெட்சி மஞ்சளாகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் புதிய இலைகள் வந்தால் அது நோய் இல்லை, சுண்ணாம்பினால் வேருக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போவது. யூரியா போட்டால் தீராது. தும்புத்தூளும் மக்கிய இலையும் கலந்து மண்ணைப் புளிப்பாக்குங்கள், கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதை ஊற்றுங்கள், சீமெந்துச் சுவருக்கு அருகில் நடாதீர்கள்.

விதைகளில் கடின ஓடு உள்ளவைதான் பலரைச் சோரவைப்பவை. கொன்றை, ஆவரசு, காக்கணவன் மூன்றையும் அப்படியே மண்ணில் போட்டால் நூற்றுக்கு ஐந்து முளைத்தால் அதிகம். அரத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை, கண் இருக்கும் முனையை விட்டுவிட்டு, உள்வெள்ளை இலேசாகத் தெரியும் வரை தேயுங்கள். பிறகு ஒரு இரவு தண்ணீரில். ஊதிய விதைகளை மட்டும் நடுங்கள். ஊதாதவற்றை மறுபடி தேயுங்கள். தொகை கூட என்றால், கொதித்த நீரை அடுப்பில் இருந்து இறக்கி விதையின் மேல் ஊற்றி ஆறவிட்டு ஒரு நாள் ஊறவைக்கலாம். அடுப்பில் வைத்து அவிக்கக் கூடாது. கொன்றை ஒன்று முதல் மூன்று கிழமையில் முளைக்கும். ஆவரசுக்கு ஆணிவேர் வேகமாக இறங்கும், ஆகவே பையில் வளர்த்து மாற்றுவதைவிட நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். இலுப்பை இதற்கு நேர்மாறு. அதன் விதையைக் காயவைத்துச் சேமித்தால் சில கிழமையில் உயிர் போய்விடும். பழம் விழுந்தவுடன் சதையை நீக்கி அன்றைக்கே நட வேண்டும். அடுத்த மழைக்கு என்று போத்தலில் வைத்தவர்களுக்கு ஒன்றும் முளைத்திருக்காது. முள்முருக்கு, பூவரசு இரண்டுக்கும் விதையே வேண்டாம். புரட்டாதியில் மணிக்கட்டுத் தடிப்பில் ஆளுயரக் கதியால் வெட்டி, இரண்டொரு நாள் நிழலில் கிடத்தி, ஒன்றரை அடி இறக்கினால் மழைக்குத் துளிர்க்கும். பூவரசு பூ காலையில் மஞ்சள், வாடும்போது செம்பழுப்பு. ஒரே கிளையில் இரண்டு நிறமும் தெரிவது அதனால்தான்.

தாமரைக்கு 60 சென்ரிமீற்றர் வாயகன்ற தொட்டி. அடியில் 20 சென்ரிமீற்றர் குளத்துக் களி, வேறெதுவும் இல்லை. கூட்டெரு போட்டால் தண்ணீர் பச்சைப் பாசியாகி நாறும். விதையின் தட்டையான முனையைத் தேய்த்து, கிளாசில் நீரில் போட்டுத் தினமும் நீர் மாற்றினால் ஒரு கிழமையில் முளை வரும். அல்லிக்குக் கிழங்கை நடும்போது குருத்து மண்ணுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் இரண்டும் இலை மட்டும்தான் விடும். டெங்கு உள்ள நாடு என்பதால், தொட்டியில் சின்ன மீன்குஞ்சுகள் நாலைந்து கட்டாயம்.

நட்ட மரத்தைக் கொல்வது முதலாவது கோடை. ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு தடவை 10 லீற்றர், மெல்ல மெல்ல, ஆழமாக இறங்கும்படி. தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் மறந்தாலும் செடி போய்விடும். அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய முட்டியைச் செடியோரம் புதைத்து நிரப்பிவைத்தால் வேலை பாதியாகும். உலர்ந்த இலைச்சருகை நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள், தண்டில் இருந்து ஒரு சாண் விலக்கி, கறையான் ஏறாமல். இரண்டாம் கோடையில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் விடத்தல் முள்ளைச் சுற்றிக் கட்டுவது கம்பிக் கூட்டைவிட மலிவு.

இன்னொன்று மனம் நோகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துப்புரவு. நிலத்தைக் கண்ணாடி போலக் கூட்டிவைப்பது நமக்கு அழகு. தும்பைக்கும் விஷ்ணுகிராந்திக்கும் கானாவாழைக்கும் அதுவே அழிவு. அவற்றின் விதை மேல்மண்ணில் கிடந்து மழைக்குக் காத்திருக்கிறது. விளக்குமாறு அதை அள்ளிக் குப்பைத் தீயில் போடுகிறது. களைநாசினி அடித்த வேலியோரத்தில் அடுத்த ஆண்டு கோரையும் நஞ்சுக்களையும்தான் முதலில் வரும். முற்றத்தைக் கூட்டுங்கள், வேலியோரம் மூன்றடியை விட்டுவிடுங்கள். கொன்றை இலையை மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு மொட்டையாக்கும், எருக்கலையைக் கோடுபோட்ட புழு தின்னும். மருந்து அடிக்க வேண்டாம். மரம் மூன்று கிழமையில் மறுபடி தளிர்க்கும்.

வளரவிடக் கூடாத செடிகளும் உண்டு. கரட் இலை போலப் பிளந்த இலையும் உப்புக்கல் போன்ற வெள்ளைப் பூவும் கொண்டது பாதீனியம். 1980களின் கடைசியில் இந்தியப் படையினரின் உணவுக்காக வந்த ஆடுகளோடு வந்ததாகக் கருதப்படுகிறது. 1999இல் முதலில் பதிவானது வவுனியாவில். தோலில் சொறியும் மூச்சிழுப்பும் தரும். பூக்கும் முன்பு, மழை ஈரத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்டால் பையில் கட்டி எரிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைதான். நாயுண்ணியின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. அழகுப்பூவாக 1826இல் தாவரவியல் பூங்கா வழியாகவே வந்தது. இன்று காட்டோரமெங்கும் காயாவின் இடத்தைப் பிடித்து நிற்கிறது. வேற்றூர்ப் பூவை நடும் முன்பு இதை நினைத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது: மிதிவெடிப் பலகை உள்ள இடத்திலும், பாதை தேயாத பற்றைக்காட்டிலும் இறங்கவே வேண்டாம், பூ எவ்வளவு கிட்ட இருந்தாலும். ஆவணி புரட்டாதியில் குளங்கள் வற்றும்போது யானை தண்ணீருக்கு வரும், பிற்பகல் நாலு மணிக்கு முன்பு கட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். மணற்பாங்கில் சுருட்டைப் பாம்பு, வயல்வரம்பில் புடையன் பாம்பு. ஆகவே சப்பாத்தும் கையில் ஒரு தடியும். தடியால் முன்னே தட்டிவிட்டுத்தான் குனிய வேண்டும்.

பள்ளிக்கூட வளவில் நட்டால் பெயர் எழுதிவைப்பது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. பெயின்ற் பலகை இரண்டு கோடையில் வெளுக்கும். வெறுமையான சோடா டின்னை வெட்டி விரித்து, மெத்தென்ற புத்தகத்தின் மேல் வைத்துக் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்துப் பள்ளமாகப் பதியும், மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. ஓரத்தை மடித்துத் தட்டுங்கள், கை வெட்டும். மரத்தில் ஆணி அடிக்காமல், தண்டு பருக்க இடம் விட்டுக் கம்பியைத் தளர்வாகச் சுற்றுங்கள். ஊரில் வழங்கும் பெயரை முதலில், அந்தப் பெயரைத் தாங்கிய ஊரைக் கீழே: நொச்சி, கிளிநொச்சி. விடத்தல், விடத்தல்தீவு. பூவரசு, பூவரசங்குளம்.